ஆளில்லாத நேரத்தில் படகில் தண்ணீர் ஏறினால்: பில்ஜ் பம்பும் அலாரமும் பூட்டும் வழி

மொன்றியலில் ஒரு கலியாண வீடு. பாயசக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில், ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் என் படகுக்குப் பக்கத்தில் படகு கட்டியிருக்கும் கிழவர். "உன் படகு வழமையைவிடத் தாழ்ந்து நிற்கிறதே, யாராவது உள்ளே இருக்கிறார்களா?" என்றார். நான் 540 கிலோமீற்றர் தள்ளிப் பட்டுவேட்டியோடு நிற்கிறேன்.

பூட்டை உடைக்கச் சொன்னேன். தரைப் பலகைகள் மிதந்துகொண்டிருந்தனவாம். மனுசன் கைப்பம்பால் இரண்டு மணித்தியாலம் இறைத்தார். மூன்று நாள் இடிமழை பாய்மரத்தோடு வடிந்து இறங்கியது, எஞ்சின் தண்டடியில் சொட்டியது, எல்லாம் சேர்ந்த தண்ணீர். அந்தப் படகில் புத்தம் புதிய தானியங்கிப் பம்ப் இருந்தது. நானே பூட்டியது. அது ஒரு விநாடிகூட ஓடவில்லை. படகை விட்டு இறங்கும்போது நல்ல பிள்ளையாக மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு வந்திருந்தேன். பம்புக்கு மின்சாரம் போனது அந்தச் சுவிச்சுக்குப் பின்னாலிருந்து.

அதற்குப் பிறகு இரண்டு கோடைகளாக இதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். பிழைவிடக்கூடிய இடங்களில் பெரும்பாலானவற்றில் பிழைவிட்டுமிருக்கிறேன். முதல் தடவையாக 24 முதல் 32 அடிக்குள் ஒரு பழைய பைபர்கிளாஸ் பாய்ப்படகு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 27 அடி. பில்ஜ் என்பது தரைப் பலகைக்குக் கீழே, படகின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்கும் குழி. அதை இறைப்பதுதான் விஷயம்.

1. சாமான் வாங்க முதல் ஒரு கணக்கு

பம்ப் இருந்தால் படகு தாழாது என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீற்றர் கீழே 25 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று விழுந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லீற்றர் உள்ளே வரும். ஓட்டை 38 மில்லிமீற்றர் என்றால் 140 லீற்றர். கொக்பிற் (பின்னால் இருந்து படகை ஓட்டும் திறந்த இடம்) வடிகால் ஹோஸ் ஒன்று கழன்றாலே அந்த அளவு ஓட்டைதான்.

இந்தப் பக்கம் பம்ப். பெட்டியில் மணிக்கு 2000 கலன் என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கக் கலன், அதாவது 3.785 லீற்றர், நிமிடத்துக்கு 126 லீற்றர் வருகிறது. ஆனால் அது உயரமே இல்லாமல், நிறைந்த மின்னழுத்தத்தில் அளந்த எண். ஒரு மீற்றர் மேலே தூக்கி, வளைந்த ஹோஸ் வழியே தள்ளி, சார்ஜ் குறைந்த பற்றரியில் ஓட்டினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் அதிர்ஷ்டம். என் முந்தைய 1100 கலன் பம்ப் 20 லீற்றர் வாளியை நிரப்ப 32 விநாடி எடுத்தது. பெட்டிக் கணக்கின்படி 18 விநாடிக்குள் நிரம்பியிருக்க வேண்டும்.

ஆகவே பம்ப் வாங்கித் தருவது நேரம் மட்டும். அந்த நேரத்துக்குள் உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ சேதி போய்ச் சேர வேண்டும். என்னைக் கேட்டால், கையில் 100 டொலர்தான் இருக்கிறதென்றால் முதலில் அலாரத்தைப் பூட்டுங்கள்.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பிடியுங்கள்

பில்ஜை வெற்றுத் துணியால் துடைத்துக் காயவிட்டு, வந்து சேரக்கூடிய வழிகளில் ரொய்லற் பேப்பர் துண்டுகளை வரிசையாக வையுங்கள். அடுத்த நாள் எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வழமையான கள்ளர்கள் இவர்கள்:

- பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு அடிவரை இறங்கும் படகென்றால் மழைத்தண்ணீர் மரத்தின் உட்பக்கமாகவே வரும். அதை முழுக்க நிறுத்த முடியாது.
- எஞ்சின் தண்டு வெளியே போகும் இடத்திலுள்ள ஸ்டஃபிங் பொக்ஸ். பழைய வகை, ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளி சொட்டலாம். நிற்கும்போது சொட்டக் கூடாது.
- ஐஸ் பெட்டியின் வடிகால். பல பழைய படகுகளில் நேரே பில்ஜுக்குள்தான் விட்டிருப்பார்கள். உருகின ஐஸோடு மீன் வாடையும் இறங்கும்.
- ஜன்னல் ஓரங்கள், தளத்தோரக் கைப்பிடிக் கம்பிகளைப் பூட்டிய ஆணிகள்.

தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக் கடல் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று பார்க்கும் ஊர் வித்தை ஒன்ராறியோ ஏரியில் எடுபடாது. இரண்டும் நன்னீர்.

கசிவை அடைக்காமல் தானியங்கிப் பம்பைப் பூட்டினால் அது கசிவை மறைத்துவிடும். நீங்கள் போய்ப் பார்க்கும்போதெல்லாம் பில்ஜ் காய்ந்திருக்கும். உள்ளே நாளுக்கு நாள் சொட்டுப் பெருகிக்கொண்டிருக்கும்.

3. பேப்பர் வேலை: சட்டம் கேட்பது வேறு, காப்புறுதி கேட்பது வேறு

கனடாவில் 6 மீற்றருக்கு மேல் 9 மீற்றர் வரையான உல்லாசப் படகுக்குச் சட்டம் கேட்பது ஒரு இறைகலன் அல்லது ஒரு கைப்பம்ப். அவ்வளவுதான். இறைகலன் என்றால் குறைந்தது 750 மில்லிலீற்றர் கொள்ள வேண்டும், வாய் 65 சதுர சென்டிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஊரில் வள்ளத்தில் வெட்டிய கானால் இறைப்பார்களே, அதேதான். தானியங்கிப் பம்ப் வேண்டுமென்று அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் பழைய படகைக் காப்புறுதி செய்யப் போனால் படகைச் சோதித்துக் குறை எழுதும் சேவையர் ஒருவரின் அறிக்கை கேட்பார்கள். நான் அடிக்கு 25 டொலர் என்று 675 டொலரும் வரியும் கட்டினேன். அந்த அறிக்கையில் குறைகள் தரம் பிரித்திருக்கும்: தண்ணீரில் இறக்க முதல் செய்தே ஆக வேண்டியவை ஒன்று, செய்தால் நல்லது என்பவை இன்னொன்று. என் பம்ப் முதல் வகைக்குள் வந்தது, நாலு குறையோடு. சேவையர்கள் பெரும்பாலும் ஏபிவைசி என்ற அமெரிக்கப் படகுத் தரங்களை வைத்துத்தான் பார்ப்பார்கள். மின் பில்ஜ் பம்புக்கு எச்-22, வயரிங்குக்கு ஈ-11. இந்த இரண்டு எண்களும் அறிக்கையில் திரும்பத் திரும்ப வரும். கனடாப் போக்குவரத்து அமைச்சின் சிறு படகுக் கட்டுமானத் தரம் டிபி 1332 என்று வரும். இலக்கங்களைக் கண்டு பயப்படாதீர்கள். பின்னால் சொல்வதெல்லாம் அவற்றை ஒட்டியதுதான்.

எனக்கு 30 நாள் தவணை தந்தார்கள். ஆகவே வேலை தொடங்கும் முதல் நாளிலிருந்தே இவற்றைச் சேர்த்து வையுங்கள்: பழைய வயரிங்கின் படங்கள், ஒவ்வொரு பற்றுச்சீட்டும், பம்பின் கையேடு, நீங்கள் கையால் கீறிய வயரிங் படம், முடிந்த பிறகு அதே கோணத்தில் எடுத்த படங்கள். குறை இலக்கத்துக்கு நேரே என்ன செய்தேன், எந்தத் திகதி, எந்தப் படம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். திரும்பக் கேள்வி வரவில்லை.

4. ஒன்று அல்ல, இரண்டு பம்ப்

முதலில் ஒரு பெரிய பம்பை மட்டும் பூட்டினேன். பிழை. என்ன நடக்குமென்றால், பம்ப் நின்றதும் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் திரும்பிக் குழிக்குள் விழும். பெரிய பம்புக்கு 28 மில்லிமீற்றர் ஹோஸ். மூன்று மீற்றர் நீளமென்றால் அதற்குள் கிட்டத்தட்ட 1.9 லீற்றர். என் படகின் குழியோ ஒரு சோற்றுப் பானை அளவு. விழுந்த தண்ணீரில் மிதவை (தண்ணீர் ஏறினால் எழும்பிப் பம்பை ஓடவிடும் சுவிச்) திரும்ப எழும்பும், பம்ப் ஓடும், நிற்கும், திரும்ப விழும். இரவு முழுக்க அதே தண்ணீரை மேலும் கீழும் ஏற்றி இறக்கியே பற்றரியை முடித்துவிடும்.

சரியான வழி:

- குழியின் ஆழத்தில் 500 கலன் சின்னப் பம்ப், 19 மில்லிமீற்றர் ஹோஸ். அதே மூன்று மீற்றருக்குள் 850 மில்லிலீற்றர்தான் நிற்கும். அன்றாடச் சொட்டுகளுக்கு இது.
- அதிலிருந்து ஏழெட்டுச் சென்டிமீற்றர் மேலே ஒரு மேடை செய்து 2000 கலன் பம்ப். அதற்குத் தனி ஹோஸ், தனி வெளிவாய், தனி பியூஸ், தனி மிதவை. ஆபத்து நேரத்துக்கு மட்டும். வருடம் முழுக்க ஓடாமலே காய்ந்து கிடக்கும். அதனால் வேண்டிய நேரத்தில் ஓடும்.

இரண்டு ஹோஸையும் ஒரு T வடிவ இணைப்பு வைத்துச் சேர்த்து ஒரே வாயால் வெளியே விட ஆசை வரும், ஒரு துளை மிச்சம் என்று. வேண்டாம். ஒரு பம்ப் தள்ளும் தண்ணீர் மற்றப் பம்பு வழியாகத் திரும்பி வரும்.

இதோடு கொக்பிற்றிலிருந்து இயக்கக்கூடிய நல்ல கைப்பம்ப் ஒன்றும் இருக்கட்டும். நான் வைத்திருப்பது வேல் என்ற பெயரில் விற்பது. ஆங்கிலத்தில் திமிங்கிலம், எங்கள் எழுத்தில் முருகன் கையில் இருப்பது. பற்றரி செத்த பிறகு காப்பாற்றப் போவது அதுதான், ஆகவே பெயர் பொருத்தம்.

பெற்றோல் எஞ்சின் உள்ள படகென்றால் ஒரு நிபந்தனை. பில்ஜில் வைக்கும் பம்ப், சுவிச், மிதவை எல்லாவற்றிலும் தீப்பொறிப் பாதுகாப்பு உள்ளதென்று எழுதியிருக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். நேரே பில்ஜுக்குத்தான் இறங்கும். இதில் பத்து டொலர் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள்.

5. ஹோஸ்: பூட்வால்வுப் பழக்கத்தை ஊரில் விட்டுவிட்டு வாருங்கள்

நான் வெங்காயத் தோட்டத்துப் பிள்ளை. கிணற்றடியில் மிசின் வைத்து இறைத்து வளர்ந்தவனுக்குப் பூட்வால்வு (தண்ணீர் திரும்பி விழாமல் குழாயடியில் பூட்டும் ஒருவழி வால்வு) இல்லாத பம்ப் பம்பே இல்லை. ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் திரும்பி விழுகிறது என்றதும் மூளை நேரே அங்கேதான் போனது. பம்பின் வாயில் செக் வால்வு என்ற அதே மாதிரி ஒருவழி வால்வைப் பூட்டினேன். பூட்டிய அன்றைக்கு அருமையாக வேலை செய்தது.

ஆறு கிழமை கழித்துப் பார்த்தால் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் போகவில்லை. வால்வைக் கழற்றினேன். ரப்பர் மடலுக்கு நடுவே ஒரு தலைமயிர்ச் சுருளும் மரத்தூளும் சேர்ந்து களியாகி, மடலைப் பாதி திறந்தபடி ஒட்டவைத்திருந்தன. களியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன். அப்போதும் போகவில்லை. அப்போதுதான் விளங்கியது. வீட்டு மிசின் கிணற்றுக்கு மேலே இருந்து உறிஞ்சுவது, அதற்குக் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும். பில்ஜ் பம்ப் தண்ணீருக்குள் முழுகி இருந்து தள்ளுவது. மேலே வால்வு ஒன்று தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் பம்புக்குள் காற்று அடைபட்டு, அந்தத் தண்ணீர்ப் பாரத்தைத் தள்ளித் திறக்க அதற்குப் பலம் போதாது. கூடவே ஹோஸில் நின்ற தண்ணீர் பனிக்காலத்தில் உறையும். ஏபிவைசி தரமும் வெளித்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதற்குச் செக் வால்வை நம்பக் கூடாது என்கிறது. சின்ன ஹோஸ்தான் இதற்கு மருந்து.

மற்றவை சுருக்கமாக:

ஹோஸ் உட்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நெளிநெளியான மலிவு ஹோஸ் வேகத்தைத் தின்றுவிடும், மடிந்த இடத்தில் வெடிக்கவும் செய்யும். தொய்வில்லாமல் மேல்நோக்கியே போகட்டும். நடுவில் பள்ளம் விட்டால் தண்ணீர் தங்கும்.

வெளிவாய், அதாவது படகின் உடலைத் துளைத்துப் பூட்டும் குழாய்வாய், எங்கே இருக்கிறதென்பது முக்கியம். துறையில் நிற்கும்போது தண்ணீருக்கு மேலே இருக்கும் வாய், காற்றில் 25 பாகை சரிந்து ஓடும்போது தண்ணீருக்குள் போய்விடும். போனால் ஏரி அதே ஹோஸ் வழியே உள்ளே வரத் தொடங்கும், நீங்கள் பாய் விட்டுச் சந்தோசமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. பின்பலகையில், நடுவுக்குக் கிட்ட, தளத்துக்கு ஒட்டினாற்போல் துளைப்பது நல்லது. பக்கவாட்டில்தான் பழைய வாய் இருக்கிறதென்றால் ஹோஸைத் தளத்துக்குக் கீழே முட்டும்வரை தூக்கி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று உள்ளே விடும் சிறு வால்வுள்ள வளைவைப் பூட்டுங்கள். கடையில் வென்டட் லூப் என்று கேட்டால் தருவார்கள்.

கவ்விகள் 316 தர எவர்சில்வர். காந்தத்தைக் கொண்டுபோய்த் திருகாணியில் வைத்துப் பாருங்கள். நன்றாக இழுத்தால் அந்த ஆணி துருப்பிடிக்கும்.

6. வயரிங்: பாதிப் பேர் பிழைவிடும் இடம்

பம்புக்கு மின்சாரம் மெயின் சுவிச்சுக்கு முன்னாலிருந்து, பற்றரியிலிருந்து நேரே வர வேண்டும். பாயசக் கதையை நினைவில் வையுங்கள். வழி இது:

பற்றரி நேர்முனை. அதிலிருந்து 18 சென்டிமீற்றருக்குள் பியூஸ். பியூஸிலிருந்து மூன்று நிலைச் சுவிச். சுவிச்சின் ஓட்டோ முனையிலிருந்து மிதவைக்கு, மிதவையிலிருந்து பம்புக்கு. கையால் இயக்கும் முனையிலிருந்து மிதவையைத் தொடாமல் நேரே பம்புக்கு. பம்பின் எதிர்முனை திரும்பப் பற்றரிக்கு. சின்னப் பம்புக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று.

பியூஸின் அளவு பம்பின் உடலில் அல்லது கையேட்டில் அச்சிட்டிருக்கும். அதைவிட ஒரு அம்பியரும் கூடக் கூடாது. நான் பெட்டியில் கிடந்த 20 அம்பியர் பியூஸைப் போட்டு வைத்திருந்தேன். சேவையர் அதைப் பிடித்தார். பம்பின் சுழலியில் ஒரு குச்சி இறுகினால் மோட்டர் சுற்றாது, ஆனால் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும், சூடேறும். பியூஸ் சரியான அளவென்றால் போய்விடும். பெரியதென்றால் போகாது, பிளாஸ்ரிக் உருகும், அதற்குமேல் தீ.

நிறக் குழப்பம் ஒன்று இருக்கிறது. கனடா வீட்டு வயரிங்கில் கறுப்புத்தான் மின்சாரம் உள்ள வயர். படகின் 12 வோல்ற்றில் கறுப்பு எதிர்முனை. வீட்டு மின்வேலை தெரிந்த மச்சானை உதவிக்குக் கூப்பிட்டால் முதலில் இதைச் சொல்லுங்கள். தானாக இயங்கும் பம்புகள் சிலவற்றில் மூன்று வயர் வரும். எது கையால் இயக்க, எது ஓட்டோவுக்கு, எது எதிர்முனை என்று கையேட்டில் பாருங்கள்.

வயரின் தடிப்பு. போகவர மொத்தம் 10 மீற்றர், 5 அம்பியர், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் வழியிலேயே 0.35 வோல்ற் தொலையும், 12 வோல்ற்றில் மூன்று சதவீதத்துக்குள். அதற்குமேல் தொலையவிடாதீர்கள். பெரிய பம்ப் 8 அம்பியர் அளவில் இழுக்கும், அதற்கு 4 சதுர மில்லிமீற்றர் போடுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு வயர்தான். வீட்டு வயர், கார் வயர் இரண்டும் வேண்டாம். ஓரங்களிலிருந்து பச்சையாகக் களிம்பேறி உள்ளே ஊரும்.

இணைப்புகள். பம்போடு வரும் வயர் எப்போதும் கட்டை, இணைப்புத் தண்ணீருக்குள் கிடக்கட்டும் என்பதுபோல. அதைத் தூக்கிக் குழிக்கு மேலே, தரைப் பலகைக்குக் கீழ் உச்சியில் கட்டுங்கள். உள்ளே பசை பூசிய சுருங்கு உறையோடு வரும் இணைப்பிகளை ராட்செற் குறட்டால் நசுக்கி, சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை ஒரு சிறு வளையமாகப் பிதுங்கினால் சரி. பிதுங்காவிட்டால் வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். நான் முதல் தடவை கறுப்பு ரேப் சுற்றினேன். ஒரு கோடையில் வயர் இணைப்பு கையில் உப்பாய் உதிர்ந்தது.

பற்றரி எவ்வளவு தாங்கும்? 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் நம்பலாம். சின்னப் பம்ப் 2 அம்பியர் இழுத்தால் 25 மணித்தியாலம். பெரியது 8 இழுத்தால் ஆறு மணித்தியாலம். மொன்றியலிலிருந்து வந்து சேரக் காணும், வேட்டி மாற்ற நேரமில்லை.

7. மிதவை

மிதவைச் சுவிச்தான் முதலில் சாகும் சாமான். எண்ணெய்க் களி, வயர்த் துண்டு, பழைய லேபல் எது பட்டாலும் இறுகிவிடும். இறுகினால் இரண்டு விதம்: மேலே இறுகினால் பம்ப் நிற்காமல் ஓடிப் பற்றரி போகும், கீழே இறுகினால் ஓடவே ஓடாது. கூடு போட்ட மிதவையாகவும், கையால் தூக்கிச் சோதிக்க ஒரு குமிழ் உள்ளதாகவும் வாங்குங்கள். படகின் நடுக்கோட்டில் பூட்டுங்கள். பக்கத்தில் பூட்டினால் படகு சரியும்போதெல்லாம் ஓடும். அசையும் பகுதியில்லாத எலெக்ட்ரோனிக் வகையும் இருக்கிறது. பூட்ட முதல் அது ஓடாமல் நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறதென்று கையேட்டில் பாருங்கள்.

தானாக இறைக்கும் பம்புக்கு எண்ணெய் எது தண்ணீர் எது என்று தெரியாது. எஞ்சினுக்குக் கீழே டீசல் ஒழுகினால் அதையும் ஏரிக்குள் கொட்டிவிடும். அது சட்டப்படி குற்றம், பொறுப்பு உங்களுடையது. எஞ்சினடியில் எண்ணெய் உறிஞ்சும் விரிப்பும் குழிக்குள் எண்ணெய் உறிஞ்சும் உருளையும் எப்போதும் கிடக்கட்டும். பம்ப் வாயில் முட்டாமல் உருளையைக் கட்டி வையுங்கள்.

8. அலாரம்

மூன்றாவது மிதவை ஒன்று, பெரிய பம்பின் மிதவைக்கும் கொஞ்சம் மேலே. அது எழும்பினால் இரண்டு பம்பும் தோற்கின்றன என்று அர்த்தம். அதற்குத் தனி 2 அம்பியர் பியூஸ், பற்றரியிலிருந்து நேரே. பம்பின் பியூஸோடு சேர்த்து வயர் போடாதீர்கள். பியூஸ் போனால் பம்பும் அலாரமும் ஒன்றாகச் சாகும், அது அலாரமே இல்லை.

ஒலிப்பானை உள்ளே வைத்தால் எஞ்சின் ஓடும்போது கேட்காது, துறையில் நிற்பவருக்கும் கேட்காது. கொக்பிற்றுக்குள், மழை படாத மூலையில் வைத்தேன். சத்தத்தை நிறுத்த ஒரு சுவிச், ஆனால் சத்தத்தை நிறுத்தினாலும் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருக்கும். உள்ளே நுழையும் பலகையில் தடித்த எழுத்தில் ஒரு அட்டை: இந்தச் சத்தம் கேட்டால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள், கைப்பம்பின் பிடி இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுங்கள், வாசிக்கப் போவது பக்கத்துக் கிழவர்.

தொலைபேசிக்குச் சேதி அனுப்பும் கருவிகளும் கிடைக்கும், சிம் கார்டோடு மாதச் சந்தா. தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்லது. நான் வாங்கவில்லை. அதற்குப் பதில் சின்னப் பம்பின் வயரில் எத்தனை தரம் ஓடியதென்று எண்ணும் ஒரு கவுண்டரைப் பூட்டினேன், 20 டொலருக்குக் கீழே. என் கணக்கில் மிகப் பிரயோசனமான சாமான் அது.

9. சோதனை

சுவிச்சைத் தட்டி உறுமுகிறதா என்று கேட்பது சோதனை இல்லை. மெயின் சுவிச்சை அணையுங்கள். தோட்டத்து ஹோஸால் பில்ஜுக்குள் தண்ணீரை விடுங்கள். சின்னப் பம்ப் தானே ஓடி, நின்று, திரும்ப ஓடாமல் இருக்க வேண்டும். பிறகு அதன் பியூஸைக் கழற்றிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். பெரியது எழும்ப வேண்டும். அதையும் கழற்றுங்கள், அலாரம் அலற வேண்டும். வெளிவாயில் வாளி பிடித்து நேரத்தை எடுத்துக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே வாளி கூட நேரம் எடுத்தால் பம்ப் களைத்துவிட்டது. முடிந்ததும் பியூஸ்களைத் திரும்பப் போட மறக்காதீர்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்.

10. காசும் காலமும்

என் பற்றுச்சீட்டுகளின்படி, கனடா டொலரில்: சின்னப் பம்ப் 55, பெரியது 190, பம்புகளுக்கான மிதவை இரண்டு 130, அலாரம் மிதவை 65, ஒலிப்பான் 28, சுவிச் இரண்டு 90, ஹோஸ் இரண்டு வகையும் 95, புது வெளிவாய் 22, வென்டட் லூப் 60, வயரும் பியூஸ் பெட்டிகளும் இணைப்பிகளும் 140, கவ்விகள் 36, சீலன்ற் 25. மொத்தம் 936, 13 சதவீத எச்எஸ்ரி வரியோடு கிட்டத்தட்ட 1058. குறடும் கவுண்டரும் வேறு. ஆளை வைத்துச் செய்ய மணிக்கு 130 டொலர் கேட்டார்கள், இரண்டு நாள் வேலை என்றார்கள்.

சாமானைத் தை மாதத்தில் எக்ஸிபிஷன் பிளேஸில் நடக்கும் படகுக் கண்காட்சியிலோ மாசியிலோ வாங்குங்கள். சித்திரையில் எல்லோரும் கடையில் நிற்பார்கள், வேண்டிய அளவு ஹோஸ் முடிந்திருக்கும். துளைக்கும் வேலையைப் படகு நிலத்தில் தொட்டிலில் நிற்கும்போதே முடியுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். 10 பாகைக்குக் கீழே எபொக்சியும் சீலன்ற்றும் ஒழுங்காக இறுகாது. ரொறன்ரோவில் அதற்குச் சித்திரை நடுப்பகுதியாவது ஆகும். படகு தண்ணீருக்கு இறங்குவதோ சித்திரைக் கடைசி, வைகாசித் தொடக்கம். இடையில் கிடைப்பது இரண்டு சனி ஞாயிறுகள்தான். ஒன்றில் ஹோஸும் வாயும், மற்றதில் வயரிங்.

இறக்கும் நாளில் கிரேன் பட்டி கழற்ற முதல் உள்ளே போய் எல்லா வாயையும் கையால் தடவிப் பாருங்கள். அன்றிரவு படகில் படுங்கள்.

ஐப்பசியில் படகைக் கரையேற்றிய பிறகு பற்றரி வீட்டுக்குப் போய்விடும், பம்ப் ஓடாது. பாய்மரத்தைக் கழற்றாத படகில் மழை தொடர்ந்து இறங்கும், குழியில் நின்று உறைந்து பம்பின் கூட்டைப் பிளக்கும். குழியைத் துடைத்துவிட்டு இளஞ்சிவப்பு உறைதடுப்பி, புரொப்பிலீன் கிளைகோல் வகை, இரண்டு லீற்றர் ஊற்றிப் பம்பை ஒரு தரம் ஓட்டுங்கள். கார் ரேடியேற்றருக்கு ஊற்றும் பச்சைச் சாமான் நஞ்சு, அது வேண்டாம்.

போன கோடையில் என் கவுண்டர் கிழமைக்கு மூன்று நாலு என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. ஆடி நடுவில் ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன்: 19. பில்ஜ் காய்ந்திருந்தது, தரை காய்ந்திருந்தது, அந்தக் கிழமை மழையும் இல்லை. எஞ்சின் மூடியைத் தூக்கி ரோர்ச் அடித்தால் ஸ்டஃபிங் பொக்ஸின் பூட்டு நட்டு இரண்டு புரி பின்னுக்கு வந்து, தண்டடியில் நூல்போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இரண்டு ஸ்பானர், பத்து நிமிடம். கவுண்டரைச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.